கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் வழி உள்நுழைவு: ஒரு சிறு நூலகத்துக்காக நிறுவிப் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் இரவல் நூலகம் ஒன்றின் கணினிப் பணிகளை நான் கவனித்துக்கொள்கிறேன். எந்த நூல் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பி வர வேண்டும், அடுத்து யார் கேட்டுக் காத்திருக்கிறார் என்பதையெல்லாம் உறுப்பினர்களே தம் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும்படி சிறிய இணையச் செயலி ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். நூல்களை ஒழுங்காகத் திருப்பித் தருபவர்கள். கடவுச்சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாதவர்கள். வாரத்துக்கு நான்கைந்து பேருக்குக் கடவுச்சொல்லை மாற்றித் தருவதே என் நூலகப் பணி என்றாகிவிட்ட நிலையில், மூன்றாம் தரப்பு உள்நுழைவை, அதாவது உறுப்பினர் ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் வைத்திருக்கும் கணக்கைக் கொண்டே எங்கள் தளத்துக்குள் நுழையும் வழியை, நிறுவிவிடுவது என்று முடிவு செய்தேன். கூகுளையும் ஆப்பிளையும் முழுமையாக நிறுவினேன். ஃபேஸ்புக்கின் ஆவணங்களைப் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினேன். இந்த மதிப்பீடு, என்னைப் போல ஒற்றை ஆளாகச் சிறு தளம் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்காக எழுதப்படுவது. பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு.

இந்தச் சேவை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பல தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு காலத்தில் எந்த விண்ணப்பத்துக்கும் கெஜட்டட் அலுவலரின் சான்றொப்பம் கேட்பார்கள் அல்லவா, அதற்கு நிகரான ஏற்பாடு இது. நம் தளத்தின் பொத்தானை அழுத்தியவரை, நம் தளத்துக்கென வழங்கப்பட்ட அடையாள எண், அவர் திரும்பி வர வேண்டிய முகவரி, அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு குறி ஆகியவற்றோடு, சான்று தரும் நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்புகிறோம். அந்நிறுவனம் அவரைத் தன் வழியில் சோதித்துவிட்டு, குறுகிய ஆயுள் கொண்ட ஒரு குறியீட்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. நம் சேவையகம் (நம் செயலி இயங்கும் கணினி) அந்தக் குறியீட்டையும் தன்னிடமுள்ள இரகசிய விசையையும் நேரடியாக நிறுவனத்திடம் காட்டி, ஐடி டோக்கன் எனப்படும் கையொப்பமிட்ட சீட்டைப் பெற்றுக்கொள்கிறது. கையொப்பம் சரியா, வழங்கியவர் யார், வேறு தளத்துக்கு எழுதப்பட்ட சீட்டை நம்மிடம் நீட்டுகிறார்களா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்த பின்பே ஆளை உள்ளே விட வேண்டும். உறுப்பினரின் கூகுள் கடவுச்சொல் எந்த நிலையிலும் நம் கைக்கு வருவதில்லை. இந்த ஏற்பாட்டின் முதல் நன்மை அதுதான்.

இதன் வரலாறு ஒரு குழப்பத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. ஓப்பன்ஐடி 2005ஆம் ஆண்டு லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கியது. ஒருவர் இன்னார்தான் என்று சான்று கூறுவது அதன் வேலை. 2007இல் வந்த ஓஆத் வேறொரு தேவைக்குப் பிறந்தது. என் பொருளை எடுத்துக் கையாள இன்னொரு செயலிக்கு நான் அனுமதி தருகிறேன் என்பது அதன் பொருள். வீட்டைத் திறக்க ஒருவருக்குச் சாவி கொடுப்பதும், இவர்தான் வீட்டுக்காரர் என்று சாட்சி சொல்வதும் ஒன்றல்ல. ஆனால் 2012 அக்டோபரில் தரமாக வெளியான ஓஆத் 2.0 பயன்பாட்டுக்கு வந்ததை ஒட்டி, சாவி வைத்திருப்பவரை வீட்டுக்காரர் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல தளங்களில் பரவியது. வேறொரு செயலிக்குக் கிடைத்த அனுமதி டோக்கனைக் கொண்டுவந்து நம் தளத்தில் காட்டி ஒருவர் மற்றொருவராக நுழைந்துவிடும் ஓட்டை அதனால் உண்டானது. 2014 பிப்ரவரியில் வெளியான ஓப்பன்ஐடி கனெக்ட், ஓஆத்தின் மேல் ஐடி டோக்கன் என்னும் சாட்சிச் சீட்டை முறைப்படி சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தது. எனவே எந்தச் சேவையை மதிப்பிட்டாலும், அது ஓப்பன்ஐடி கனெக்டை முறையாகப் பின்பற்றுகிறதா என்பதையே முதலில் பார்த்தேன். கூகுளும் ஆப்பிளும் பின்பற்றுகின்றன. ஆப்பிளுக்குச் சில சொந்த வழக்கங்கள் உண்டு, அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

கூகுளை நிறுவ எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. கட்டணம் இல்லை. கூகுள் கிளவுட் கன்சோல் என்ற நிர்வாகப் பக்கத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஒப்புதல் திரையில் நூலகத்தின் பெயரையும் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் முகவரியையும் நிரப்பி, இணையச் செயலிக்கான அடையாள எண்ணையும் இரகசிய விசையையும் பெற்றுக்கொள்ள வேண்டும். பெயர், மின்னஞ்சல், படம் என்ற அடிப்படை விவரங்களுக்கு மேல் எதையும் கேட்காத வரையில், டிரைவ், ஜிமெயில் போன்றவற்றைத் தொடும் செயலிகளுக்கு உள்ள நீண்ட சரிபார்ப்பு நம்மைத் தீண்டுவதில்லை. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். செயலி சோதனை நிலையில் இருக்கும் வரை நாமே பட்டியலிட்ட 100 பேர் மட்டுமே நுழைய முடியும். வெளியீட்டு நிலைக்கு மாற்ற மறந்தால், நம் கைப்பேசியில் அழகாக வேலை செய்வது உறுப்பினரிடம் வேலை செய்யாது. அடுத்தது திரும்பி வரும் முகவரி. கன்சோலில் பதிந்ததும் நம் நிரல் அனுப்புவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' என்று கதவு சாத்தப்படும். அந்தச் சாய்கோட்டை நான்தான் விட்டிருந்தேன் என்று கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்தக் கண்டிப்பு எரிச்சலூட்டினாலும் நியாயமானது. முகவரி ஒப்பீட்டில் தாராளம் காட்டினால், குறியீட்டைத் திசைதிருப்பித் திருடுவதற்கு வழி பிறந்துவிடும்.

எங்கள் உறுப்பினர்களுக்குக் கூகுள் பொத்தான் பொருந்திய விதம் நான் எதிர்பாராதது. அவர்களில் பலருக்குத் தம் ஜிமெயில் முகவரியே தெரியாது. கைப்பேசி வாங்கிய நாளில் கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கு அது. முகவரியையும் கடவுச்சொல்லையும் அவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருப்பார், அந்தச் சீட்டு எங்கோ போயிருக்கும். ஆயினும் ஆண்ட்ராய்டு கைப்பேசி அந்தக் கணக்கில் நிரந்தரமாக நுழைந்தே இருப்பதால், பொத்தானைத் தொட்டவுடன் அவர்கள் எதையும் நினைவுகூராமலே உள்ளே வந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் அழைப்புகள் அந்த மாதத்திலேயே ஏறக்குறைய நின்றுபோயின. நல்ல சேவை என்று அப்போது நான் முழுமனதோடு சொல்லியிருப்பேன்.

சிக்கல் கைப்பேசி பழையதானபோது தெரிந்தது. புதிய கைப்பேசி வாங்கினால் கடைக்காரர் புதிய ஜிமெயில் ஒன்றைத் திறந்து கொடுத்துவிடுகிறார். உறுப்பினர் அதே பொத்தானை அழுத்துகிறார். கூகுள் அவர் வேறொருவர் என்று, தன் கணக்கில் முற்றிலும் உண்மையாக, சான்று சொல்கிறது. அவர் எடுத்துச் சென்ற மூன்று நூல்கள் பழைய கணக்கில் நிற்க, புதிய கணக்கில் அவர் இன்று சேர்ந்த உறுப்பினராக வெறுங்கையுடன் தோன்றுகிறார். வேறொரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே ஜிமெயிலைப் பகிர்ந்துகொள்வதால், தனித்தனி உறுப்பினர் எண் கொண்ட இருவரும் ஒருவராகிவிட்டனர். இன்னொருவரின் கணக்கில் பேரனின் பெயரும் படமும் இருந்தன. நூலை வாங்க வந்த முதியவரின் அட்டையில் பத்து வயதுச் சிறுவன் சிரித்துக்கொண்டிருந்தான். இவற்றில் எதுவும் கூகுளின் பிழை அன்று. அந்தச் சேவை ஒரு கணக்குக்குச் சான்று தருகிறது, ஆளுக்கு அல்ல. கணக்கும் ஆளும் ஒன்றே என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. கணக்குகள் குடும்பத்துக்குள் இரவல் போவதும் கைப்பேசியோடு தொலைந்துபோவதும் இயல்பாக உள்ள இடத்தில் அந்த அனுமானம் நிற்காது.

ஆகவே தரவுத்தளத்தைத் திருத்தி அமைத்தேன். நூலகத்தின் பழைய பதிவேட்டில் உள்ள உறுப்பினர் எண்ணே அடிப்படை. அதன் கீழ் எத்தனை உள்நுழைவு வழிகளையும் சேர்க்கலாம், நீக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் சேமிக்கப்படுவன இரண்டே: சான்று தந்த நிறுவனத்தின் பெயரும், ஐடி டோக்கனில் 'சப்' என்ற பெயரில் வரும் மாறாத அடையாளமும். மின்னஞ்சலை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. மின்னஞ்சல் மாறக்கூடியது, சில நேரங்களில் கைமாறவும் கூடியது. 'சப்' மதிப்பையே பயன்படுத்துங்கள் என்று கூகுளின் ஆவணமும் சொல்கிறது. ஒரே மின்னஞ்சல் இரு வழிகளிலிருந்து வந்தால் தானாக இணைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த முகவரியைச் சான்று தரும் நிறுவனம் சரிபார்த்திருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாத இடத்தில் அது ஆபத்து. பிறர் முகவரியைத் தன்னுடையது என்று எழுதி வைத்திருப்பவர் பிறர் கணக்கில் நுழைந்துவிடுவார். ஜாங்கோ என்ற இணையச் செயலிக் கட்டமைப்பில் எழுதப்பட்ட எங்கள் செயலியில் ஆல்ஆத் என்ற திறமூல நிரல் நூலகத்தை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பயன்படுத்தினேன். அது இந்தப் பிரிவைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது, பயனர் அட்டவணை தனி, வெளிக் கணக்குகளின் அட்டவணை தனி. முதலிலேயே அதை மதித்து நடந்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

கூகுளைப் பற்றிய என் பெரிய குறை வேறு. அந்நிறுவனம் வாசலை அடிக்கடி இடம் மாற்றுகிறது. பழைய ஓப்பன்ஐடி 2.0 ஆதரவு 2015 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டபோது அதனோடு கட்டியிருந்த உள்நுழைவும் போனது. உலாவியில் இயங்கிய பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்துக்கு 2023 மார்ச் 31 கெடுவாக வைக்கப்பட்டு, கூகுள் ஐடென்டிட்டி சர்வீசஸ் என்ற புதியது வந்தது. ஒவ்வொரு முறையும் போதிய முன்னறிவிப்பு தந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருமுறை நிறுவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் சிறு தளத்துக்காரருக்கு முன்னறிவிப்பு எட்டுவதே அரிது. இதற்கு ஒரு பரிகாரம் உண்டு: கூகுள் தரும் பகட்டான பொத்தான் நிரல் நூலகத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன குறியீட்டுப் பரிமாற்றத்தைச் சேவையகத்திலேயே பொதுத் தரத்தின்படி செய்துகொண்டால், 2023இன் மாற்றம் போன்றவை நம்மைத் தொடுவதில்லை. பிறிதொரு வரம்பையும் சொல்ல வேண்டும். வேறு செயலிகளின் உள்ளே திறக்கும் உட்பொதிந்த உலாவிகளில் கூகுள் உள்நுழைவு அனுமதிக்கப்படுவதில்லை. பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவுதான், ஏனெனில் அந்த உலாவியை நடத்தும் செயலி கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும். எனினும் சமூக ஊடகச் செயலிக்குள்ளிருந்து நம் இணைப்பைத் தொடுபவருக்குப் பிழைச் செய்தியே காத்திருக்கும். 'குரோமில் திறக்கவும்' என்று ஒரு வரியை நாமே எழுதி வைக்க வேண்டும்.

ஆப்பிளின் சேவை 2019 ஜூனில் அறிவிக்கப்பட்டது. உறுப்பினரின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றிலும் கண்ணியமானது இதுவே. தன் மின்னஞ்சலைக் காட்ட விரும்பாதவருக்கு மாற்று முகவரி ஒன்றை ஆப்பிளே உருவாக்கித் தருகிறது. அதற்கு நாம் அனுப்புவது அவருடைய உண்மையான முகவரிக்குச் சென்று சேரும், வேண்டாம் என்று தோன்றினால் அவர் அதை நிறுத்திவிடலாம். நிறுவுபவரின் பக்கம் நின்று பார்த்தால் கதை மாறுகிறது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டி ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்தில் சேர வேண்டும். இரகசிய விசை என்று ஒன்றை அவர்கள் தருவதில்லை. ஒரே ஒருமுறை மட்டும் பதிவிறக்க முடிகிற தனி விசைக் கோப்பைக் கொண்டு நாமே கையொப்பமிட்டு உருவாக்கிக்கொள்ள வேண்டும், அதன் ஆயுள் அதிகபட்சம் 6 மாதம். தானாகப் புதுப்பிக்கும்படி நிரல் எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் உள்நுழைவு பேசாமல் நின்றுவிடும். சொந்தக் கணினியின் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் திரும்பு முகவரியாக ஏற்க மாட்டார்கள்; சோதித்துப் பார்க்கவே பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் உள்ள உண்மையான தளப்பெயர் தேவை.

இவற்றையெல்லாம் விட என் இரண்டு நாள்களை விழுங்கியது ஒரு குக்கீ, அதாவது ஒரு தளம் உலாவியில் வைத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் சிறு குறிப்பு. பெயரையோ மின்னஞ்சலையோ கேட்டால், ஆப்பிள் தன் பதிலை முகவரியில் ஒட்டி அனுப்பாமல் போஸ்ட் முறையில் படிவமாக அனுப்புகிறது. வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் வரும் கோரிக்கையோடு, 'சேம்சைட் லாக்ஸ்' என்று குறித்த குக்கீகளை உலாவி அனுப்பாது. பயணத்தின் தொடக்கத்தில் நாம் வைத்த குறி அந்தக் குக்கீயில்தான் இருக்கிறது. எனவே திரும்பி வந்தவரை நம் தளமே அடையாளம் தெரியாமல் வெளியேற்றுகிறது. அந்த ஒரு குக்கீக்கு மட்டும் 'சேம்சைட் நன்' என்றும் 'செக்யூர்' என்றும் குறித்தால் தீர்ந்துவிடும். இந்த ஒரு வரித் தீர்வைத் தேடி எத்தனை பேர் எத்தனை இரவுகளைக் கழித்தார்களோ. மேலும், உறுப்பினரின் பெயர் முதன்முறை அனுமதி தரும்போது மட்டுமே வரும். அப்போதே சேமிக்காமல் விட்டால் பிறகு அவரிடமே கேட்க வேண்டியதுதான். பெயர் வந்தாலும் அது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிந்து வருகிறது. தந்தையின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் இடும் எங்கள் பதிவேட்டுக்கு இந்தப் பிரிவு ஒத்துவரவில்லை. சிலருக்கு முதலெழுத்து குடும்பப்பெயராகி ஒற்றை எழுத்தாக நிற்கிறது, சிலருக்குத் தந்தையின் முழுப்பெயரும் கடைசியில் வந்து, தந்தை பெயராலேயே உறுப்பினரை அழைக்க நேர்கிறது. கூகுளின் பெயர்ப் புலங்களும் இவ்வாறு பிரிந்தே வருகின்றன என்பதால், வெளியிலிருந்து வரும் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

மாற்று முகவரி தொடர்பாக நிறுவுபவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. நாம் எந்த முகவரியிலிருந்து அஞ்சல் அனுப்புவோம் என்பதை ஆப்பிளிடம் முன்கூட்டியே பதிந்து, தளப்பெயருக்கு எஸ்பிஎஃப் பதிவையும் (அந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்களின் பட்டியல்) சரியாக வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் நூல் திருப்பும் நாளை நினைவூட்டும் அஞ்சல் போய்ச் சேராது. பாதுகாப்புத் துறையில் ஆப்பிளின் பெயரும் மாசற்றது அன்று. 2020இல் இந்திய ஆய்வாளர் பாவுக் ஜெயின், எந்த மின்னஞ்சலைக் கொடுத்தாலும் அதற்குச் செல்லுபடியாகும் டோக்கனைப் பெற்றுவிட முடிகிற ஓட்டை ஒன்றைக் கண்டறிந்து தெரிவித்தார். ஆப்பிள் அதை அடைத்து அவருக்கு 1,00,000 டாலர் பரிசளித்தது. ஐபோன் செயலி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவையின் கணக்கு வேறு: பிற நிறுவனங்களின் உள்நுழைவை வைத்தால் ஆப்பிளின் சேவையையோ, 2024 முதல் அதற்கு நிகரான தனியுரிமை தரும் இன்னொன்றையோ உடன் வைக்க வேண்டும் என்பது ஆப் ஸ்டோரின் விதி. எங்களிடம் அப்படிச் செயலி இல்லை.

ஃபேஸ்புக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. 2008இல் ஃபேஸ்புக் கனெக்ட் என்ற பெயரில் வந்து, இந்தப் பொத்தான் பழக்கத்தையே உலகெங்கும் பரப்பிய சேவை அது. கைப்பேசி எண்ணைக் கொண்டே கணக்குத் தொடங்கியவர்கள் அதில் ஏராளம். அவர்களுக்கு மின்னஞ்சல் வராது என்பதால், நினைவூட்டல் அஞ்சலை நம்பியிருக்கும் எங்களுக்கு அது பயன்படாது. தரவை அழிக்கக் கோருவதற்கான வழியையும் தனியுரிமைக் கொள்கையையும் நாம் காட்ட வேண்டும் என்ற அவர்களின் நிபந்தனை நியாயமானதே. 2018 செப்டம்பரில் அணுகல் டோக்கன்கள் திருடப்பட்டபோது பாதிக்கப்பட்ட கணக்குகள் முதலில் 5 கோடி என்றும், பின்னர் ஏறத்தாழ 3 கோடி என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. வெளித்தளங்களில் அவை பயன்படுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. ஒரு சாவியால் பல வீடுகள் திறக்கும் ஏற்பாட்டில் இந்தக் கவலை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். நிரலாளர்கள் மட்டும் கூடும் இடமாக இருந்தால் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் உள்நுழைவு நிறுவ மிக எளிது. நாவல் வாசிக்க வரும் எங்கள் உறுப்பினர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைத்துத் தரும் இடைச்சேவைகளும் உண்டு. அவற்றில் ஒன்றை, பெயர் இங்கு வேண்டாம், தொடக்கத்தில் சில வாரங்கள் பயன்படுத்தினேன். நிறுவுவது எளிது, ஆனால் இலவசத் திட்டத்தில் உள்நுழைவுப் பக்கம் எங்கள் தளப்பெயரில் அல்லாமல் அவர்களுடைய நீண்ட, புரியாத தளப்பெயரில் திறந்தது. 'தெரியாத முகவரி வந்தால் தொடாதீர்கள்' என்று வங்கிகள் மாதந்தோறும் குறுஞ்செய்தி அனுப்பிப் பழக்கியிருக்கும் முதியவர்கள், மிகச் சரியாக, தொடாமல் என்னை அழைத்தார்கள். கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்தியாவில் அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்துள்ள, குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்புகளைப் பதியும் டிஎல்டி முறையில் அமைப்பையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்பையும் பதிந்தாக வேண்டும், ஒவ்வொரு செய்திக்கும் காசும் ஆகும். எங்கள் அளவுக்கு அது தாங்காது.

பொத்தானுக்குப் பக்கத்தில் எதை எழுதுவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. கூகுளிலிருந்து நாங்கள் பெறுவது அடையாள எண்ணும் மின்னஞ்சலும் மட்டுமே, உங்கள் அஞ்சல்களையோ படங்களையோ எங்களால் பார்க்க முடியாது என்று இரண்டு வரிகளைத் தமிழில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகுதான் தயங்கிக்கொண்டிருந்த சிலரும் பொத்தானைத் தொட்டார்கள்.

2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் அடையாளச் சேவைக்கான சேமிப்பு ஒதுக்கீட்டைத் தானியங்கி அமைப்பு ஒன்று தவறாகக் குறைத்துவிட, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் உலகெங்கும் கூகுள் கணக்குகளில் நுழைய முடியாமல் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் அளவுக்கு மறைந்தபோது, அதன் வழியே நுழையும் தளங்களின் கதவுகளும் சேர்ந்தே அடைபட்டன. ஆகவே எங்கள் பக்கத்தில் கூகுள் பொத்தானுக்குக் கீழே, ஒருமுறை மட்டுமே பயன்படும் உள்நுழைவு இணைப்பை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. அதுவும் கைகொடுக்காதவருக்கு உறுப்பினர் எண்ணைச் சொல்லி நூலகரிடம் நேரில் சரிபார்த்துக்கொள்ளும் வழி இருக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பதினோரு பேர்; அவர்களில் ஆப்பிள் பொத்தானை அழுத்தியவர்கள் இரண்டு பேர். கட்டணத்தைப் புதுப்பிக்கும் நாள் வரும் முன் அந்த இருவரின் உறுப்பினர் எண்ணோடும் மின்னஞ்சல் வழியை இணைத்துவிட்டு, ஆப்பிளின் பொத்தானை எடுத்துவிடப் போகிறேன். கூகுளின் பொத்தான் இருக்கும். புதுக் கைப்பேசியோடு வருபவர்களுக்காக, பழைய கணக்கைக் கண்டுபிடித்து இணைக்கும் திரை ஒன்றை நூலகரின் மேசைக் கணினியில் சேர்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது அதற்கு வேலை தருகிறார்.